அமுதவல்லி கேட்ட ஒரு சொம்புத் தண்ணீர்

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகலில், மெல்பர்ன் மாநகரின் மேற்குப் புறத்தே நாங்கள் வாழும் பகுதியின் சமூகக் கூடத்திற்கு, இம்மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறையை நடத்தும் அம்மையார் வந்திருந்தார். வியட்நாமியர்க்கு ஒரு கிழமை, சோமாலியர்க்கு ஒரு கிழமை, பஞ்சாபியர்க்கு ஒரு கிழமை என ஒவ்வொரு மொழியினரையும் தனித்தனியே சந்தித்து, அவரவர் வாழிடத்தின் காற்றும் நீரும் எவ்வாறுள்ளன என்று கேட்டு வருகிறார். அன்று தமிழர் முறை.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சிற்றோடை உண்டு. கோடை பிறந்தால் அதிலிருந்து அழுகல் நாற்றம் எழும். தொலைபேசியில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும்போது நாங்கள் வேறு எதையும் இவ்வளவு விரிவாகப் பேசுவதில்லை. அப்படிப் பேசிக்கொள்ளும் நாற்பது பேரும் அன்று கூடத்தில் இருந்தோம். பெண்கள் பட்டுடுத்தியிருந்தனர். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. அம்மையார் கையில் ஏட்டை விரித்து, ‘உங்கள் பகுதியில் ஏதேனும் தொல்லை உண்டா?’ என்று வினவினார். எங்கள் சங்கத் தலைவர் எழுந்து, தொல்லை எதுவும் இல்லை என்றும், அவர் வருகை தந்ததே எங்கட்குப் பெருமை என்றும் கூறினார். அனைவரும் கைதட்டினோம். இனிப்புப் பெட்டி ஒன்று வழங்கப்பெற்றது. அம்மையார் ஏட்டில் எதுவும் எழுதாமல் மூடினார்.

அவர் வண்டியில் ஏறுமுன் நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்தொடர்ந்து சென்றேன். என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். ஆயினும் ஓடையைப் பற்றிச் சொன்னேன். உள்ளே இருப்பவர்கள் பொய் கூறவில்லை, உங்களுக்கு மரியாதை செய்கிறார்கள், மறுமுறை கூட்டம் கூட்டாமல் வீடு வீடாகச் செல்லுங்கள் என்றும் சொன்னேன். அவர் நின்று, ‘இது உங்களுக்கு எவ்வாறு தெரியும்?’ என்று கேட்டார். வாகனம் நிறுத்துமிடத்தில் நின்றபடி நான் அளித்த விடை அரைகுறையானது. முழு விடையைத் தாய்நாட்டில் உள்ள உங்களுக்கு எழுதுகிறேன். விடையில் பாதி எனக்குத் தலைகுனிவு தருவது. எஞ்சிய பாதி நன்றி.

2

நான் பிறந்த ஊர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் சற்று மேற்கே உள்ளது. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளோர் கேட்டுக்கொண்டனர். தண்ணீர் கெட்ட ஊர் என்று தெரிந்தால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவார்களாம். அவர்கள் அச்சம் நியாயமானதே.

ஊர்த்தெருவில் நெல் விளைவிக்கும் குடும்பங்கள். எங்கள் குடும்பமும் அத்தகையதே. கிழக்கே தேவாலயத் தெரு. முன்பு எங்கள் வயல்களில் கூலிவேலை செய்தவர்களின் பிள்ளைகள் அங்கே வாழ்கின்றனர். இன்று பெரும்பாலோர் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். வடக்கே தெலுங்கு பேசுவோர் தெரு. இவை மூன்றும் நான் அறிந்த ஊர். நான் அறியாத நான்காவது ஒன்று பிற்பாடு வந்தது. வாய்க்கால் ஓரம் தகரக் கூரையிட்ட அறைகளை வரிசையாகக் கட்டி, ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்க்கு வாடகைக்கு விட்டிருந்தனர். ‘லைன் ஊடு’ என்று அதனைக் குறிப்பிடுவார்கள்.

ஊர்த்தெருவும் தேவாலயத் தெருவும் சந்திக்கும் இடத்தில் எங்கள் நிலத்தில் ஓர் உறைகிணறு இருக்கிறது. என் மனைவி திலகவதியின் பிடிவாதத்தால் அது தோண்டப்பட்டது. அதற்கு முன்னர், தேவாலயத் தெருப் பெண்கள் ஊர்க் கிணற்றருகே குடத்தை நீட்டியபடி நிற்க வேண்டும். மனமிரங்கி யாரேனும் ஊற்ற வேண்டும். புதுக்கிணற்றில் நீர் கண்ட அன்று திலகவதி முதற்கயிற்றை அத்தெருப் பெண்ணொருத்தியின் கையில் கொடுத்தாள். என் உறவினர் சிலர் இரண்டு ஆண்டு எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. பொன்னேரியில் தமிழாசிரியனாக இருந்து, சமத்துவம் பற்றி மேடைதோறும் முழங்கிய நான் அன்று வீட்டின் உள்ளேதான் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் மறைந்த பின் மகன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். ஒவ்வொரு தைத் திங்களும் அவள் நினைவு நாளுக்கு ஊர் செல்வேன். கிணற்றடியில் பந்தல் அமைப்போம். முதல் வாளி இறைத்ததும், மூன்று தெருவினர்க்கும் என் கையால் ஒவ்வொரு குவளை நீர் கொடுப்பேன். அதன்பின் ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு அந்நீரின் சுவையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். பின்னர் பந்தி.

3

இங்கே என் நாள் முறைமையுடன் செல்கிறது. காலை ஆறரைக்கு நடை. பின்னர்க் குப்பைத் தொட்டிகளின் பொறுப்பு. சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, பச்சை மூடி, ஊதா மூடி என நான்கு உள்ளன. எந்தக் கிழமை எதனை வெளியே வைப்பது என்று இலக்கணச் சூத்திரம்போல் மனனம் செய்துள்ளேன். ஒருமுறை கண்ணாடிக் குப்பியை மஞ்சளில் இட்டேன் என்று பண்பான ஒரு துண்டுத்தாள் தொட்டியில் ஒட்டப்பட்டிருந்தது. தவற்றை இவ்வளவு மென்மையாகவும் இவ்வளவு நேராகவும் சுட்டும் அரசாங்கம் எனக்கு வியப்பாக இருந்தது. என் எழுபத்து நான்காண்டு வாழ்வில் எனக்கு வேறு எவரும் அப்படி ஒரு சீட்டு அனுப்பியதில்லை.

என் பெயர்த்தி யாழினிக்கு ஒன்பது வயது. தமிழ் விளங்கும், விடை ஆங்கிலத்தில் வரும். நான் அவளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதை, பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கு ஒப்பாகவே கருதுகிறாள்.

ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் பந்தலிலிருந்து ஒரு குப்பி நிறைய நீர் கொணர்ந்து, திலகவதியின் படத்தருகே வைப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் யாழினி அதில் ஒரு வாய் பருகிவிட்டு, இது கடையில் விற்கும் தண்ணீர்போல் இருக்கிறதே என்றாள். உன் பாட்டியின் கிணற்று நீரைக் கடைத் தண்ணீர் என்பதா என்று கடிந்துகொண்டேன். குழந்தை முகம் சுருங்கிப் போய்விட்டது. மகனும் மருமகளும் எதுவும் பேசவில்லை. என் வீட்டிலும் எவரும் என்னிடம் மறுத்துப் பேசுவதில்லை என்பதை நான் அப்போது ஒரு பேறாக எண்ணியிருந்தேன்.

4

சென்ற ஆண்டு தையில் நான் ஊரில் இறங்கியபோது, மாவட்டத்தின் சுற்றுச்சூழல் அலுவலராகப் புதிதாகப் பொறுப்பேற்ற பெண்மணி ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்களில் சுற்றிவருவதாகத் தம்பி வேலாயுதம் கூறினான். அவன்தான் எங்கள் நிலத்தையும் கிணற்றையும் பார்த்துக்கொள்பவன்.

‘ஒரு மாதிரி அம்மாண்ணா அது. ஜீப்ப ரோட்டுலயே வுட்டுட்டு நடந்து வருது. மாலை வேணாம், நாற்காலி வேணாம்னுது. ஊடு ஊடாப் பூந்து, குடிக்கத் தண்ணி குடுங்கன்னு கேட்டுக்கினு கீது’ என்றான்.

அவர் பெயர் அமுதவல்லி. பள்ளிப்பட்டுக்காரர். தமிழும் தெலுங்கும் அவருக்குப் பிறந்த வீட்டு மொழிகள். இந்தி பணியில் கற்றது. தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் நிலத்தடி நீரை ஆய்ந்து, மக்களை நேரில் கண்டு பேசுவது அவர் தாமே ஏற்றுக்கொண்ட வேலை. ஊருக்கு ஒரு கூட்டம் என்பது அரசு வழக்கம். அவர் தெருவுக்கு ஒன்றாக நடத்தினார். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் தேவாலய வளாகத்தில் பெண்களோடு அமர்ந்தார். மாரியம்மன் கோயில் வாயிலில் ஊர்த்தெருவினரைக் கண்டார். தெலுங்குத் தெருவில் ஒரு முதியவரிடம் உரிமையோடு ‘நைனா’ என்று அழைத்துத் தண்ணீர் கேட்டாராம். அம்முதியவர் மகிழ்ந்து நாஷ்டாவே கொடுத்து அனுப்பினாராம்.

தண்ணீர் கேட்பதன் நுட்பத்தைப் பின்னரே உணர்ந்தேன். ‘உங்கள் கிணற்று நீர் எப்படி?’ என்று கேட்டால் மக்கள் விடைதான் சொல்வார்கள். ‘குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்’ என்றால், எதிலிருந்து எடுக்கிறார்களோ அதுவே விடை. ஊர்த்தெருவில் ஒவ்வொரு வீட்டிலும், கடையில் வாங்கிய கேனைக் கவிழ்த்துத் தண்ணீர் கொடுத்தனர். தேவாலயத் தெருவிலும் கேன். தெலுங்குத் தெருவிலும் கேன். அலுவலர் எதுவும் கூறாது குடித்துவிட்டு, நன்றி சொல்லி, அடுத்த வீட்டிற்குச் சென்றிருக்கிறார்.

நினைவு நாளுக்கு முதல் நாள் அவர் எங்கள் வீட்டிற்கு வந்தார். மறுநாள் கிணற்றடியில் மூன்று தெருவினரும் கூடுவார்கள் என்பதால், அங்கேயே தம் நிறைவுக் கூட்டத்தை வைத்துக்கொள்ளலாமா என்று ஒப்புதல் கேட்டார். நான் பெரிதும் மகிழ்ந்தேன். வரவேற்புரையை அன்று மாலையே எழுதி முடித்தேன். ‘நீரின்றமையாத உலகில் நன்னீர் போற்றும் நல்லாளே’ என்று தொடங்கும் உரை. தலைமையும் நானே என்று எவரும் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டேன்.

5

மறுநாள் காலை நாஷ்டாவுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். முகம் மாறியிருந்தது. விடியற்காலையில் லைன் வீடுகளுக்குச் சென்று வந்ததாகக் கூறினார். பின்னர்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றபடியே பேசினார்.

‘ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்குக் கூட்டத்துக்கு நீங்க வர வேணாம். நீங்க நடுவுல ஒக்காந்தா இவங்க யாரும் பேச மாட்டாங்க. வாழ்த்துதான் சொல்லுவாங்க.’

என் மனைவியின் கிணறு, என் நிலம், நான் எழுதிய உரை. இவ்வளவும் இருக்க, என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார் ஓர் அலுவலர். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சென்றேன். எனக்கு வந்த சினத்தை இப்போது எண்ணினால் கூச்சமாக இருக்கிறது.

ஒரு மணி நேரம் சென்றிருக்கும். வேலாயுதமும் எஸ்தரும் வாயிலில் வந்து நின்றனர். எஸ்தர் தேவாலயத் தெருவைச் சேர்ந்தவள். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் தமிழ் பயின்றவள். இப்போது ஒரு தொழிற்சாலையில் பிரிவு மேற்பார்வையாளர். (வடவெழுத்தைத் தவிர்ப்பதற்காகப் பிறர் பெயரைத் திருத்தும் பழக்கம் எனக்கு இல்லை.) தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன்தான் முதலில் வாய் திறந்தான்.

கிணறு கெட்டு ஏழெட்டு ஆண்டுகள் ஆயின என்றான். கிழக்கே முள்வேலிக்குள், பழைய மின்கலங்களை உடைத்து உருக்கிய தகரக் கொட்டகை ஒன்று இருந்ததாம். நடத்தியவர் யாரென்றே ஊரில் எவருக்கும் சரியாகத் தெரியாது. அது மூடப்பட்டும் நெடுநாளாயிற்று. அதன் பின்னர் நீரில் ஒரு கசப்பு ஏறியது, படலம் கட்டியது. மூன்று தெருவும் குடிப்பதை நிறுத்தின. துணி துவைப்பதற்கு மட்டும் இறைத்தனர்.

‘அப்படியென்றால் ஆண்டுதோறும் நான் கொடுத்த நீர்?’ என்று கேட்டேன்.

‘ரெண்டு அண்டா வெப்பம்ண்ணா. நீ பாக்க எறைக்கிறது ஒரு அண்டாவுல. நீ மொண்டு குடுக்கிறது இன்னொன்னுல. அதுல காலையிலயே கேன் தண்ணி ஊத்தி வெச்சிடுவேன்.’

நான் இளநீரோடு ஒப்பிட்டுப் பேசிய சுவை, கேன் தண்ணீரின் சுவை. கடல் கடந்து கொணர்ந்து படத்தருகே வைத்ததும் அதுவே. சிறு குழந்தை யாழினி ஒரு வாயில் கண்டுபிடித்ததை, நான் ஏழாண்டுகள் ஒலிவாங்கி வைத்து மறுத்திருக்கிறேன்.

‘ஏன் சொல்லவில்லை?’ என்றேன்.

எஸ்தர் சொன்னாள்: ‘ஐயா, எங்கம்மா அந்தக் காலத்துல கொடத்த நீட்டிக்கினு நின்னவங்க. திலகவதியம்மாதான் கயித்த எங்கம்மா கையில குடுத்தாங்க. அது எங்களுக்குச் சும்மா கெணறு இல்ல. அது கெட்டுப்போச்சின்னு எந்த வாயால உங்கக்கிட்ட வந்து சொல்றது? ஒரு நாள்தான வராரு, சந்தோசமா போவட்டும்னு வுட்டுட்டோம்.’

‘ஒரு பலகையாவது வைத்திருக்கலாமே.’

‘வெக்கலாம்னேன். நீங்க பாத்துடுவீங்கன்னு இவருதான் வேணாம்னாரு.’

அதுவரை என் உள்ளத்தில் இருந்தது நாணம் மட்டுமே. அதன்பின் எஸ்தர் சொன்னது வேறு. லைன் வீட்டில் சுமித்ரா என்றொரு பெண்; கணவன் பிரதீப் எஸ்தரின் தொழிற்சாலையிலேயே பணி செய்பவன். சுமித்ரா ஆறு மாதக் கர்ப்பிணி. அன்று விடியற்காலையில் அமுதவல்லி அவளிடமும் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் இரு கைகளாலும் சொம்பை நீட்டினாள். அதில் இருந்தது எங்கள் கிணற்று நீர்.

அவர்கள் வந்து ஓராண்டுக்கு மேலாயிற்று. முந்தைய தையில் சுமித்ரா தொலைவில் நின்று எங்கள் பந்தலைப் பார்த்திருக்கிறாள். ஊர்ப் பெரியவர் தம் கையால் நீர் கொடுக்கிறார். மூன்று தெருவும் வரிசையில் நின்று பணிவோடு வாங்கிக் குடிக்கிறது. அவர் என்ன பேசுகிறார் என்று கடைக்காரரிடம் இந்தியில் கேட்டபோது, இந்தத் தண்ணீர் அமிழ்தம் என்கிறார் என்று அவரும் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து லைன் வீட்டினர் பலரும் அக்கிணற்றிலேயே குடிக்கத் தொடங்கினர். கசப்பை அவர்களும் உணர்ந்தனர். இந்த ஊர் நீரின் இயல்பு அது என்று எண்ணிக்கொண்டனர். மூன்று தெருவில் எவரும் அவர்களை எச்சரிக்கவில்லை. அடுத்த தெருக்காரர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொரு தெருவும் நினைத்தது.

எனக்குச் செய்த மரியாதையை ஒரு கருவுற்ற பெண் குடித்துக்கொண்டிருந்தாள். இதைவிடத் தெளிவாக என்னால் இதனை எழுத இயலவில்லை.

6

நான் கூட்டத்திற்குச் சென்றேன். இம்முறை அமுதவல்லி தடுக்கவில்லை. ஒரு நீர்க்குப்பியில் மாதிரி எடுத்து முத்திரையிட்டுக்கொண்டிருந்தார். அதன் முடிவு வருமுன்னரே கிணற்றை மூட விரும்புவதாகவும், தனியார் நிலமாதலால் உரிமையாளரின் ஒப்பம் தேவை என்றும் கூறினார்.

அப்போது அரசு நடைமுறை தன் முகத்தைக் காட்டிற்று. பட்டா திலகவதியின் பெயரில் இருந்தது. படிவத்தில் ‘உரிமையாளர் கையொப்பம்’ என்று ஓர் இடம். மறைந்தவள் எவ்வாறு ஒப்பமிடுவாள்? வாரிசுச் சான்று வேண்டும், அதற்கு மகனும் வர வேண்டும், நானோ அயல்நாட்டுக் குடிமகன் என்று கிராம நிருவாக அலுவலர் அடுக்கினார். ஊர்த்தெருவினர் சிலர் வேறு விதமாகப் பேசினர். ஐயா விமானம் ஏறட்டும், பிறகு ஓசையில்லாமல் ஒரு மூடியைப் போட்டுவிடலாம், ஊர்ப்பெயர் கெட வேண்டாம் என்றனர்.

நான் அந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டு வேப்பமர நிழலில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். உண்மையை மறைக்காது எழுதுகிறேன்: அவர்கள் கூறியது எனக்கும் ஆறுதலாகவே இருந்தது. வாரிசுச் சான்று வரும்வரை பொறுத்திருப்போம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சட்டமும் என் பக்கம் இருக்கும். திலகவதி வாழ்ந்தாள் என்பதற்கு அவ்வூரில் இருந்த ஒரே அடையாளம் அக்கிணறு. அதனை நஞ்சு என்று என் கையால் எழுதித் தரவேண்டும்.

வரிசையின் கடைசியில், பிரதீப்பின் தோளைப் பற்றிக்கொண்டு சுமித்ரா நின்றிருந்தாள். மற்றொரு கை வயிற்றின் மீது இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திலகவதியாக இருந்தால் இவ்வளவு நேரம் அமர்ந்திருக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போது உறுதியாகத் தெரிந்தது.

‘திலகவதிக்காக, அவள் கணவன்’ என்று எழுதிக் கீழே ஒப்பமிட்டேன்.

இப்படி ஓர் ஒப்பம் செல்லாது என்றார் கிராம நிருவாக அலுவலர். அமுதவல்லி தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார். ‘செல்லுமா செல்லாதான்னு நான் பதில் எழுதிக்கிறேன் சார். கெணறு இன்னைக்கே மூடட்டும்’ என்றார்.

எச்சரிக்கைப் பலகை எழுதும் பணியை நானே ஏற்றேன். ‘இந்நீர் பருகத் தக்கதன்று’ என்று எழுதினேன். எஸ்தர் படித்துவிட்டுத் தலையைச் சாய்த்தாள்.

‘ஐயா, இது கல்யாணப் பத்திரிகை மாதிரி கீது. இந்தத் தண்ணியக் குடிக்காதீங்கன்னு போடுங்க.’

அவ்வாறே போட்டேன். தெலுங்கில் அமுதவல்லி எழுதினார். ஒடியாவில் பிரதீப் எழுதினான். வட்டம் வட்டமான அவ்வெழுத்துகள் என்னுடையவற்றைவிட அழகாக இருந்தன. கிணற்றில் பதித்திருந்த மனைவியின் பெயர்க்கல்லை எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னபோது எஸ்தர் மறுத்தாள். அந்தப் பெயர் இருந்தால்தான் நின்று படிப்பார்கள் என்றாள்.

மாலையில் அமுதவல்லி அலுவலகத்துக்குப் புறப்படும்போது, அவரிடம் என் காலைச் சினத்திற்காக வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘இந்த ஊர்ல எல்லாரும் ரொம்ப மரியாதையான ஆளுங்க ஐயா. அதான் பேஜாரு’ என்றார்.

ஆய்வின் முடிவு சில நாளில் வந்தது. நீரில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. லைன் வீட்டினர் அனைவர்க்கும் குருதிச் சோதனை செய்ய அவரே ஏற்பாடு செய்தார். சுமித்ராவைச் சென்னை மருத்துவமனைக்குத் தம் துறை வண்டியிலேயே அனுப்பினார். நான்கு தெருவுக்கும் குழாய் நீர் வரும்வரை லாரி நீருக்கு வழிசெய்தார். முதல் நாள் அந்த லாரி லைன் வீட்டு வாயிலில்தான் நிற்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். சித்திரையில் சுமித்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை சிறிது குறைவு. வேறு குறையில்லை என்று மருத்துவர் கூறியதாகத் தம்பி தொலைபேசியில் சொன்னான். அன்று இங்கே குப்பைத் தொட்டி வைக்க மறந்துவிட்டேன்.

அமுதவல்லி இப்போது வேறு மாவட்டத்திற்கு மாற்றலாகிச் சென்றுவிட்டார். எங்கே என்று அறியேன். எங்கிருந்தாலும் அவர் கேட்கும் சொம்புத் தண்ணீர் நன்னீராக வாய்க்கட்டும். மற்றவர்கள் என்னிடம் விழா மேடையைத் தந்தனர். என் ஊரை எனக்குக் காட்டியவர் அவர் ஒருவரே.

7

இவ்வாண்டு தையிலும் ஊர் சென்றேன். பந்தலைத் தேவாலய வளாகத்தில் அமைத்திருந்தனர். லைன் வீட்டினரும் இம்முறை வரிசையில் இருந்தனர். தொலைவில் நின்று பார்த்தோர் எவருமில்லை. சுமித்ரா இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள். எஸ்தரின் பிரிவிலேயே பணிக்குச் சேர்ந்து, தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மக்கள் முன்னிலையில் அதனைப் படிக்கத் தொடங்கினேன். நான்கு வரி சென்றதும் அவள் கையை உயர்த்தினாள்.

‘ஐயா, எனக்கு உங்க மேல கோவம்’ என்றாள்.

வேலாயுதம் எழுந்து, பெரியவரிடம் இப்படியா பேசுவது என்று அவளை அடக்க முயன்றான். நான் அவனை அமரச் செய்தேன்.

‘அவரு மன்னிப்பு கேக்கிறாரு இல்ல? அதுக்கு நான் பதில் சொல்றேன்’ என்றாள் சுமித்ரா. ‘பாப்பா வயித்துல இருக்கறப்ப தெனம் அழுதேன். இங்க எல்லாரும் கேன் தண்ணி குடிச்சிக்கினு இருந்தாங்க. எங்களுக்கு யாரும் சொல்லல. நீங்க மைக்ல நல்ல தண்ணி, நல்ல தண்ணின்னு சொன்னீங்க. எல்லார் மேலயும் கோவம். உங்க மேல கொஞ்சம் ஜாஸ்தி.’

‘இப்போதும் இருக்கிறதா அம்மா?’ என்று கேட்டேன்.

அவள் உண்மையாகவே சிந்தித்துப் பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

‘கீது. கொஞ்சம் கொறைஞ்சிக்கீது’ என்றாள்.

எண்ணிறந்த மாணவர், உறவினர், ஊரார் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கின்றனர். அவர்களுள் எவரும் எனக்குத் தராத ஒன்றை அப்பெண் தந்தாள். அவளுக்கு நன்றி சொன்னேன். எஞ்சியதைப் படிக்காமல் மடித்துவிட்டேன். ‘சோறு ஆறுது ஐயா, எல்லாரும் ஒக்காருங்க’ என்றாள் எஸ்தர். பந்தியில் சுமித்ராவின் வரிசையிலேயே எனக்கும் இலை போட்டனர்.

வேலாயுதம் ஒரு குவளையில் நீர் கொண்டுவந்து வைத்தான். ‘கொழாத் தண்ணிண்ணா. நானே புடிச்சேன்’ என்றான். வைத்துவிட்டு அகலாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் குடித்தேன்.

‘மருந்து நெடி அடிக்கிறது’ என்றேன்.

‘ஆமாண்ணா, அடிக்குது’ என்றான் தம்பி. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.